பவளம் வாடினால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

உப்புநீர்த் தொட்டியில் பவளம் வாடினால் உடனே மருந்து பாட்டிலைத் தேடாதீர்கள், தண்ணீரைச் சோதியுங்கள். உப்படர்த்தி (உப்பு கலந்த நீர் நல்ல நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற அளவு) 1.025-ஐ ஒட்டியும், வெப்பம் 25-26 டிகிரியிலும், காரத்தன்மை 8-9 டிகேஹெச் (dKH, காரத்தன்மையை அளக்கும் அலகு) அளவிலும் இருக்கிறதா? எண்ணைவிட முக்கியம், அது அடிக்கடி ஏறி இறங்காமல் இருப்பது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுத்தமாகப் பூஜ்யமாவதும் நல்லதல்ல.

நிறம் மட்டும் வெளுத்து, சதை அப்படியே இருந்தால் பவளம் உயிரோடுதான் இருக்கிறது. வெளிச்சத்தைக் குறைத்துப் பொறுத்திருங்கள். சதையே உரிந்து எலும்புக்கூடு தெரிந்தால் கதை வேறு. அடியிலிருந்து மெல்ல உரிந்தால் கொஞ்சம் அவகாசம் உண்டு. சில மணி நேரத்திலேயே பரவினால், உரிந்த எல்லையிலிருந்து சற்றுத் தள்ளி நல்ல கிளையை வெட்டித் தனியே வையுங்கள். தாய்ப் பவளம் பெரும்பாலும் பிழைக்காது.

மருந்துக் குளியல் கொடுப்பதானால், அதாவது பவளத்தை மருந்து நீரில் சற்று நேரம் முக்கி எடுப்பதானால், தொட்டித் தண்ணீரைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து அதில் மருந்தைக் கலக்குங்கள். பாட்டிலில் சொன்ன நேரத்துக்கு மேல் வேண்டாம். அந்த நீரைத் திரும்பத் தொட்டியில் ஊற்றவும் கூடாது.

அப்புறம், பாலிதோவா, ஜோவாந்திட் என்ற, பவளத்தோடு வளர்க்கும் பொத்தான் போன்ற உயிரின வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். கையுறையும் காப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெட்டாதீர்கள். அவை ஒட்டிய கல்லைக் கொதிநீரில் போடவே போடாதீர்கள், ஆவியே ஆளைச் சாய்த்துவிடும்.