நானோ இன்டென்டேஷன்: முதல் குத்து வைப்பதற்கு முன்னால்

கடையில் பொன் நிறத்தில் மின்னும் ட்ரில் பிட் பார்த்திருப்பீர்கள். அந்த நிறம் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு, கனம் சில மைக்ரான்தான். அதைக் கடினத்தன்மை அளக்கும் ராக்வெல் மெஷினில் வைத்தால் முனை பூச்சைத் தாண்டி எஃகுக்குள் இறங்கிவிடும், கிடைப்பது எஃகின் கணக்கு. பூச்சை மட்டும் அளக்க நானோ இன்டென்டேஷன் வேண்டும். இதில் முனை, பெர்கோவிச் எனப்படும் மூன்று பக்க வைரப் பிரமிடு. அழுத்தும் சுமையையும் இறங்கும் ஆழத்தையும் மெஷின் கூடவே பதிந்துகொண்டு போகும்.

முதலில் சாம்பிள். பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும், மேடுபள்ளம் குத்தின் ஆழத்தைவிட மிகச் சிறியதாக இருக்க வேண்டும். ஒட்டுவதற்கு சூப்பர் க்ளூ, அதுவும் மிக மெல்லிய படலமாக. ஒருமுறை அவசரத்தில் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி, இரண்டு நாள் அளவுகளைத் தூக்கி எறிந்தேன். முனை இறங்கியபோது டேப்பும் சேர்ந்து அமுங்கியிருக்கிறது.

அடுத்து ஃபியூஸ்டு சிலிக்கா, அதாவது கடினத்தன்மை முன்பே தெரிந்த ஒரு கண்ணாடித் துண்டு. மெஷினும் முனையும் சரியா என்று முதலில் இதில் குத்திப் பார்க்க வேண்டும். இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். 10 மில்லிநியூட்டன் கொடுத்தால் முனை சுமார் 300 நானோமீட்டர் இறங்கும். சுமையை எடுக்கும்போது பரப்பு மீள்கிற விதத்தைப் பார்த்து, முனை உண்மையில் தொட்டுக்கொண்டிருந்த ஆழத்தைக் கணக்கிடுவார்கள். 1992இல் ஆலிவரும் ஃபாரும் வெளியிட்ட முறை இது. இங்கே அந்தத் தொடும் ஆழம் சுமார் 210 நானோமீட்டர், அதாவது 0.21 மைக்ரான். அதன் வர்க்கத்தை 24.5ஆல் பெருக்கினால் பரப்பளவு 1.08 சதுர மைக்ரான். 10ஐ 1.08ஆல் வகுத்தால் 9.26 கிகாபாஸ்கல், அவ்வளவுதான் கடினத்தன்மை! 24.5 என்பது தேய்மானமே இல்லாத முனைக்கு, உங்கள் முனைக்கான திருத்தம் இந்தச் சிலிக்கா குத்துகளிலிருந்துதான் வரும். 9 பக்கம் வரவில்லையென்றால் முனையைத் துடைத்துவிட்டு மறுபடி குத்துங்கள், அதுவரை சாம்பிளைத் தொட வேண்டாம்.

வெப்பநிலை சற்று மாறினாலே உலோகம் நானோமீட்டர் கணக்கில் நீளும், அதனால் சாம்பிளை உள்ளே வைத்து, மூடியைச் சாத்தி, சில மணி நேரம் விட்டுவிடுங்கள்.

சரி, இப்போது குத்தலாம். ஆழம் பூச்சின் கனத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, 2 மைக்ரான் பூச்சுக்கு 200 நானோமீட்டர். குத்துக்கும் குத்துக்கும் ஆழத்தைப்போல் 20 மடங்காவது இடைவெளி விட்டு, 15 குத்தாவது வையுங்கள். அப்புறம், அலுமினியம் மாதிரி மெத்தென்ற உலோகத்தில் குழியின் ஓரம் மேலே பிதுங்கும், அந்தப் பரப்பளவு கணக்கில் சேராததால் கடினத்தன்மை கூடுதலாகக் காட்டும். அதற்குக் குழியையே நுண்ணோக்கியில் படமெடுத்து அளக்க வேண்டும்.