ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை யாரிடமும் ஒரு ஆய்வுக் கேள்வித்தாளைக்கூட நீட்டாதீர்கள்: பிரிட்டனில் பொது சுகாதாரம் படிக்க வருபவர்களுக்கு

செப்டம்பரில் பொது சுகாதாரமோ மருத்துவமனை நிர்வாகமோ முதுகலை படிக்க பிரிட்டனுக்குக் கிளம்பும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் பி.டி.எஸ். முடித்து, மதுரையில் ஒரு கிளினிக்கில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவள். வகுப்பில் பிசியோதெரபி, பி.ஃபார்ம், நர்சிங், சித்தா என்று எல்லாப் படிப்பிலிருந்தும் நம்மூர்க்காரர்கள் இருந்தார்கள். எல்லாரும் விசாவையும் வாடகையையும் பற்றி விசாரித்துக்கொண்டுதான் வந்தோம். என் ஆய்வேட்டைக் கவிழ்த்த விஷயத்தைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விசா வேலைகளை ஏஜென்ட்டே சொல்லிவிடுவார், அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வங்கியில் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண்டு, அதை விசாவோடு சேர்த்தே வாங்கிவிடுவார்கள். 2024 ஜனவரியிலிருந்து பாடவகுப்பு முதுகலைக்கு வருபவர்கள் கணவனையோ மனைவியையோ சார்புதாரராக அழைத்து வர முடியாது, 'பார்த்துக்கொள்ளலாம் வாங்க' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். படிப்பு முடிந்து வேலை தேடத் தரும் கிராஜுவேட் விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். பாடக்காலத்தில் வேலை வாரத்துக்கு 20 மணி நேரம், அதற்கு மேல் கூடாது. முதுகலைக்காரர்களுக்கு ஆய்வேடு எழுதும் கோடைக்காலமும் பாடக்காலம்தான். இளங்கலைப் பையன்கள் கோடையில் முழுநேரம் வேலை செய்வதைப் பார்த்து நாமும் கேர் ஹோமில் நைட் ஷிஃப்டாக எடுத்துத் தள்ள முடியாது. அப்புறம் ஒன்று, இந்தப் பட்டத்தால் இங்கே நோயாளிகளைப் பார்க்கும் உரிமை வராது. டாக்டர்களுக்கு ஜி.எம்.சி. என்ற மருத்துவக் கவுன்சிலில் பதிவு, எங்களைப் போன்ற பல் மருத்துவர்களுக்கு ஜி.டி.சி. என்ற பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு, அதற்கெல்லாம் தனித் தேர்வு, தனிச் செலவு. வீட்டில் இதை முதலிலேயே புரிய வைத்துவிடுங்கள்.

மதிப்பெண்ணைப் பார்த்தும் பயப்படாதீர்கள். இங்கே 50 எடுத்தால் தேர்ச்சி, 70 எடுத்தால் டிஸ்டிங்ஷன். முதல் கட்டுரைக்கு 58 வந்தபோது இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வராமல் இருந்தேன், அம்மாவிடம் சொல்லவும் இல்லை. அப்புறம்தான் வகுப்பில் பாதிப் பேருக்கு அதே கணக்கு என்று தெரிந்தது.

சரி, இப்போது ஆய்வேட்டுக்கு வருகிறேன். மொத்தம் 180 கிரெடிட்டில் அதற்கு மட்டும் 60, அதாவது படிப்பில் மூன்றில் ஒரு பங்கு.

நான் எடுத்த தலைப்பு நம் ஊர் விஷயம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது, அப்படியும் சிலர் ஏன் நடுவில் நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. தலைப்பைச் சொன்னதும் மேற்பார்வையாளருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அந்த உற்சாகத்தில் அன்று இரவே ஊருக்கு போன் போட்டேன். பெரியம்மா மகள் அங்கே வி.எச்.என்., அதாவது கிராம சுகாதார செவிலியராக இருக்கிறாள். "அக்கா, பத்தே கேள்விதான், மாத்திரை வாங்குறவங்ககிட்ட கேட்டு எழுதித் தர முடியுமா?" என்றேன். "அனுப்புடி, இதுக்குப் போய் இவ்வளவு கேக்குற" என்றாள். மூன்று வாரத்தில் 84 தாள். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கோடு போட்ட தாளில் அக்காவின் சாய்ந்த கையெழுத்து, மேலே பெயர், போன் நம்பர், கீழே சிலர் கையெழுத்து, பலருக்கு ஊதா மையில் கட்டைவிரல் ரேகை. வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, தன் வேலை போக மிச்ச நேரத்தில் எனக்காகச் செய்தாள்.

அதை எக்செலில் ஏற்றிக்கொண்டு பெருமையோடு மேற்பார்வையாளர் முன் போய் உட்கார்ந்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நெறிமுறைக் குழுவின் அனுமதி எந்தத் தேதியில் கிடைத்தது?" மனிதர்களிடம் தகவல் திரட்டும் ஆய்வை, தொடங்கும் முன்பே பார்த்து அனுமதி தரும் குழு அது. எனக்குப் பதில் தெரியவில்லை. விண்ணப்பப் படிவம் பாதியில் நின்றிருந்தது, எப்படியும் தந்துவிடுவார்கள், ஒரு கையெழுத்துதானே என்று நினைத்திருந்தேன். அவர் மடிக்கணினியை மூடிவிட்டு, இதில் ஒரு வரியைக்கூடப் பயன்படுத்த முடியாது, எல்லாவற்றையும் அழிக்க வேண்டும், பின்தேதியிட்ட அனுமதி என்று ஒன்று கிடையாது என்றார். விஷயம் ஒழுங்கு விசாரணைக்குப் போயிருக்க வேண்டியது. நானாகவே கொண்டுவந்து காட்டியதால் எச்சரிக்கையோடு விட்டார்கள். அது ஜூன் மாதம், ஆய்வேடு கொடுக்க இன்னும் பத்து வாரம்தான் இருந்தது.

அக்காவிடம் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. தாள்களைக் கொல்லையில் வைத்துக் கொளுத்திவிட்டு, "அந்தப் பாட்டி என்னாச்சுன்னு கேட்டா என்னடி சொல்ல?" என்றாள். அதில் ஒரு பாட்டி சொன்ன பதில் இன்னும் எனக்கு மனப்பாடம். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதலாமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நம்மூர் நடைமுறை நமக்குத் தெரியும், மெடிக்கல் ஆபீசரைத் தெரிந்திருந்தால் போதும், வேலை நடந்துவிடும். இவர்கள் ஏன் இப்படித் தாள் மேல் தாள் கேட்கிறார்கள் என்று புலம்பினேன். அப்புறம் டஸ்கிகி ஆய்வை மறுபடியும் எடுத்துப் படித்தேன். 1932 முதல் 1972 வரை அமெரிக்காவின் அலபாமாவில், கிரந்தி நோய் (சிபிலிஸ்) இருந்த கறுப்பின ஆண்களை, பென்சிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்த வேலையை நான் செய்யவில்லைதான். ஆனால் படித்துக்கொண்டிருந்தபோது அக்கா தாளை நீட்டும் காட்சி கண் முன் வந்தது. மாதாமாதம் மாத்திரை வருவதே அவள் வழியாகத்தான், அவள் கேட்டால் எந்தப் பாட்டி மாட்டேன் என்பார்? மறுக்க முடியாத இடத்தில் வாங்கிய சம்மதத்தைச் சம்மதமாக எப்படி எடுத்துக்கொள்வது? அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. அந்தப் படிவத்தை ஒழுங்காக நிரப்பியிருந்தால் நான்காம் பக்கத்திலேயே அது என்னைக் கேட்டிருக்கும்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். செப்டம்பரில் சேர்ந்தால் ஜனவரியில் தலைப்பு, பிப்ரவரி மார்ச்சுக்குள் நெறிமுறை விண்ணப்பம் போய்விட வேண்டும். திருப்பி அனுப்புவார்கள், எல்லாருக்கும் ஒரு முறையாவது அனுப்புவார்கள், மனம் தளராதீர்கள். பங்கேற்பவருக்கான தகவல் தாள், சம்மதப் படிவம், தரவை எங்கே வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்ற விவரம், எல்லாம் கேட்பார்கள். தமிழில் நேர்காணல் என்றால் அந்தத் தாள்களைத் தமிழிலும் எழுத வேண்டும், 'ஒப்புதல் அளிக்கிறேன்' பாணி அலுவலகத் தமிழில் எழுதாமல் பாட்டிக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு பெயர்கூட வரக் கூடாது. இந்தியாவில் தரவு எடுத்தால் இங்கே வாங்கும் அனுமதி மட்டும் போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி அங்கேயும் ஒரு நெறிமுறைக் குழு பார்க்க வேண்டும், அரசு நிலையம் என்றால் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதியும் வேண்டும். இங்கே என்.எச்.எஸ். எனும் அரசு மருத்துவச் சேவையின் நோயாளிகளிடம் கேட்கலாமே என்றால் அதற்கு ஹெச்.ஆர்.ஏ. என்ற சுகாதார ஆராய்ச்சி அமைப்பின் தனி அனுமதி, ஒரு வருடப் படிப்புக்குள் அது முடிவதற்கு வாய்ப்பு குறைவு. ஏற்கெனவே வெளியான தரவை வைத்துச் செய்தாலும் ஒரு சிறு படிவமாவது இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

நான் கடைசியில் முறையான இலக்கிய மீளாய்வுக்கு, அதாவது ஏற்கெனவே வெளியான ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து அலசும் வேலைக்கு மாறினேன். அதற்குப் பிரிஸ்மா 2020 என்று 27 அம்சங்கள் கொண்ட பட்டியல் இருக்கிறது. பப்மெட், எம்பேஸ், சினால் என்ற மூன்று மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளங்களிலும் தேடிச் சலிக்க வேண்டும். நூலகத்தில் சுகாதாரப் பிரிவுக்கென்று ஒரு நூலகர் இருப்பார், முதல் மாதமே போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். அவர் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து தேடும் சொற்களை அமைத்துக் கொடுத்திருக்காவிட்டால் அந்தப் பத்து வாரத்தில் நான் முடித்திருக்க மாட்டேன். 64 வந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஊர்த் தலைப்பே வேண்டாம் என்று மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். காசநோய் வகுப்பில் ஒரு நாள் பேராசிரியர் திரையில் 'மெட்ராஸ்' என்று போட்டார். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், சானடோரியத்தில் படுக்க வைப்பதும் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுவதும் கிட்டத்தட்ட ஒரே பலனைத் தருகின்றன என்று 1959-ல் காட்டியது. உலகம் முழுக்க காசநோய்ச் சிகிச்சை மாறியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மையம்தான் இப்போது சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்த வழியாக எத்தனை முறை பஸ்ஸில் போயிருக்கிறேன், ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. குளிரில், ஐந்து பேர் மட்டும் வந்திருந்த அந்த வகுப்பில் கண் கலங்கிவிட்டது. 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணம் நம்முடையது, அரசு மருந்து கொள்முதலுக்குத் தனிக் கழகம் வைத்து நடத்துகிறோம். நிர்வாகப் பாடத்தில் இதைப் பற்றிப் பேச வாய்ப்பு வரும்போது வாய்மூடி உட்காராதீர்கள்.

ஊரில்தான் தரவு எடுப்பேன் என்று உறுதியாக இருந்தால், கிளம்புவதற்கு முன்பே தேனாம்பேட்டையில் உள்ள பொது சுகாதார இயக்குநரகத்துக்கு ஒரு முறை நேரில் போய், யாருக்கு எழுத வேண்டும், எந்தெந்தத் தாள்களை இணைக்க வேண்டும் என்று கேட்டு வாருங்கள். இங்கே வந்தபின் மின்னஞ்சலில் கேட்டால் பதில் வரவே வாரக்கணக்கில் ஆகும்.