ஆலைப் புகை வார்டுக்குள் வந்தால் புகாரை எப்படி எழுதுவது

திருவொற்றியூரில் ஒரு சிறிய மருத்துவமனையில் 22 ஆண்டுகள் வார்டு சிஸ்டராக இருந்தேன். பகலில் கடல்காற்று. நள்ளிரவுக்கு மேல் காற்று திரும்பி, ஆலைகள் நிறைந்த மணலிப் பக்கமிருந்து வரும். அழுகிய முட்டை நாற்றம் அடித்ததும் ஆஸ்துமா நோயாளிகள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒருமுறை நாற்பது பேர் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தோம். ஆய்வுக்கு வந்தவர் மதியம் வந்தார். நாற்றமே இல்லை. புகார் அத்தோடு முடிந்தது.

அதனால் முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, மணி, காற்றின் திசை, அழுகிய முட்டை நாற்றமா, கண்ணைக் கரிக்கும் அம்மோனியாவா, அந்த இரவு எத்தனை பேருக்கு நெபுலைசர் வைத்தீர்கள், இவ்வளவும் வேண்டும். நோயாளிகளின் பெயர் வேண்டவே வேண்டாம். திசை பார்க்க மொட்டைமாடியில் ஒரு துணியைக் கட்டினால் போதும். டியூட்டி மாறும்போது நோட்டும் கை மாறட்டும். மணலி கண்காணிப்பு நிலையத்தின் காற்றுத் தரம் 'சமீர்' செயலியில் தெரியும், அதையும் குறியுங்கள். அங்கே எண் நன்றாக இருந்தாலும் நோட்டை நிறுத்தாதீர்கள். ஒரு மணி நேரம் மூச்சைத் திணறடித்த புகை 24 மணி நேரச் சராசரியில் கரைந்துபோகும்.

அடுத்து, ஆலையின் இசைவாணை, அதாவது ஆலை இயங்குவதற்கான அனுமதி. 1981 காற்றுச் சட்டத்தின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுப்பது. எந்தப் புகைபோக்கியில் எவ்வளவு வெளியேறலாம் என்ற நிபந்தனையெல்லாம் அதில்தான் இருக்கும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பிறகு நோட்டையும் நிபந்தனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதுங்கள். 'ஆய்வு இரவில் வேண்டும்' என்பது தனி வரியாக இருக்கட்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வாரியம் அசையாவிட்டால், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. வழக்குப் போட ஆறு மாதக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம் மக்கள் நடுராத்திரியில் வீட்டை விட்டு ஓடினார்கள். படுக்கையில் இருக்கும் நோயாளி எங்கே ஓடுவார்? அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் பெரிய ஆலைகளைச் சுற்றியுள்ள பகுதிக்கு அவசரகாலத் திட்டம் இருக்க வேண்டும் என்று 1989 விதிகள் சொல்கின்றன. ஆட்சியர் அலுவலகத்தில் அதைக் கேட்டு, உங்கள் மருத்துவமனையின் இரவு நேர போன் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் நம்பர் இல்லை. எழுதிக் கேட்டுத்தான் சேர்க்க வைத்தோம்.