வாக்கன் போகணுமா? முதல்ல காதைத் தயார் பண்ணுங்க, பூட்ஸ் அப்புறம் வாங்கிக்கலாம்

ஹெவி மெட்டல் இசை கேக்குற நம்மாளுங்ககிட்ட வாழ்க்கைல ஒரு தடவை எங்க போகணும்னு கேட்டா பாதிப் பேரு வாக்கன்னு தான் சொல்லுவாங்க. வடக்கு ஜெர்மனில ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்துல சுமார் 2000 பேர் குடியிருக்கிற விவசாயக் கிராமம் அது, அங்க 1990ல தாமஸ் யென்சன், ஹோல்கர் ஹ்யூப்னர்னு ரெண்டு பேர் சின்னதா ஆரம்பிச்ச மெட்டல் இசை விழா இப்போ வருஷத்துக்கு 85,000 பேர் வர்ற அளவுக்கு வளந்து நிக்குது. போகணும்னு ஆசை வந்ததும் எல்லாரும் டிக்கெட் எவ்ளோ, விசா கிடைக்குமான்னு தான் கேக்குறாங்க. அதெல்லாம் ரெண்டாவது வேலைங்க. அயர்ன் மெயிடன், மெட்டாலிக்கான்னு ரெண்டு பேண்டை மட்டும் கேட்டுட்டு அங்க போய் நின்னீங்கன்னா பக்கத்துல இருக்கிறவன் தொண்டை கிழிய எதைப் பாடுறான்னே தெரியாம முழிச்சிட்டு நிப்பீங்க. அதனால ஒரு ஆறு மாசம் முன்னாடியே கேக்க ஆரம்பிங்க.

முதல்ல பிளேலிஸ்ட்டை மூடுங்க. 'டாப் 50 மெட்டல்' மாதிரி கலவைல எல்லாமே கிளைமாக்ஸா இருக்கும், பத்தாவது பாட்டுலயே காது மரத்துப் போயிரும். ஆல்பத்தை முதல் பாட்டுல இருந்து கடைசி வரைக்கும், ஷஃபிள் போடாம கேளுங்க. பிளாக் சபாத் பேண்டுல இருந்து தொடங்குங்க, வேற வழியே கிடையாது. 1970ல வந்த முதல் ஆல்பத்தை அதுக்கு முந்தின வருஷம் அக்டோபர்ல ஒரே நாள்ல பதிவு பண்ணி முடிச்சிட்டாங்க, அந்த அவசரம் பாட்டுல கேக்கும், அதுதான் அதோட அழகே. கிட்டார் வாசிக்கிற டோனி ஐயோமி 17 வயசுல பர்மிங்ஹாம்ல ஒரு தகரப் பட்டறைல வேலை பாத்தப்போ, அதுவும் வேலையோட கடைசி நாள்ல, மெஷின்ல மாட்டி வலது கையில ரெண்டு விரல் நுனி போயிருச்சு. மனுஷன் இடது கைக்காரர், அதனால தந்தியை அழுத்துறதே அந்தக் கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செஞ்சு போட்டுக்கிட்டார், மெல்லிசான தந்தி மாத்தினார், 1971ல வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'ல தந்தியைத் தளர்த்தி ஒன்றரை டோன் கீழ எறக்கிட்டார். அந்த ஆல்பத்தை ஒரு நல்ல ஹெட்ஃபோன்ல கேளுங்க. அதுக்கப்புறம் வந்த டூம், ஸ்லட்ஜ், ஸ்டோனர்னு மெட்டல் வகை எல்லாத்துக்கும் விதை அங்க தான் கிடக்குது.

அடுத்து அயர்ன் மெயிடன். எல்லாரும் 1982ல வந்த 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்'டைக் கையில குடுப்பாங்க, நான் 1984ல வந்த 'பவர்ஸ்லேவ்' தான் குடுப்பேன். கடைசிப் பாட்டு 13 நிமிஷத்துக்கு மேல ஓடும், கோல்ரிட்ஜ் எழுதின பழைய கப்பல்காரன் கவிதையை வச்சுப் பண்ணது, நடுவுல எல்லாம் அடங்கி வெறும் பாஸ் கிட்டாரும் கப்பல் மரம் கிரீச்சுடுற சத்தமும் மட்டும் கேக்குற இடத்துல பொறுமையா இருந்தீங்கன்னா நீங்க தேறிட்டீங்கன்னு அர்த்தம். மெட்டாலிக்காவை நான் சொல்லி நீங்க கேக்கணும்னு இல்ல, 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' போதும். அதுக்கடுத்த ஆல்பத்துல பாஸ் கிட்டாரைத் தேடித் தேடிக் காது வலிக்கும், எவ்ளோ நல்ல ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துணுக்கு) இருந்தும் எனக்கு அதை மன்னிக்க முடியல.

இனிமே தான் முக்கியமான பகுதி, நம்மாளுங்க பெரும்பாலும் தாண்டிப் போயிடுற பகுதி. ஜெர்மன் பேண்டுங்க. நீங்க போறது அவங்க ஊருக்கு, வர்ற கூட்டத்துல பெரும்பகுதி அவங்க ஆளுங்க. ஹாம்பர்க்ல இறங்கித் தான் வாக்கனுக்குப் போவீங்க, அதே ஹாம்பர்க் பேண்ட் தான் ஹெலோவீன், 1987லயும் 1988லயும் 'கீப்பர் ஆஃப் தி செவன் கீஸ்'னு ரெண்டு பாகம் விட்டாங்க, இன்னிக்கு பவர் மெட்டல்னு சொல்றது முக்கால்வாசி அதுல இருந்து வந்தது தான். கொஞ்சம் குழந்தைத்தனமா தான் இருக்கும், இருக்கட்டும், கோரஸ் வரும்போது கை தானா மேல போகும். சோலிங்கன்ல இருந்து வந்த ஆக்செப்ட் 1982ல போட்ட 'ரெஸ்ட்லெஸ் அண்ட் வைல்ட்' ஒரு பழைய ஜெர்மன் நாட்டுப்பாட்டு ரெக்கார்டோட தொடங்கும், என்னடா தப்பான ஃபைலை டவுன்லோட் பண்ணிட்டோமான்னு நினைக்கும்போது ஒரு அலறல் வரும், அப்புறம் டபுள் பாஸ் ட்ரம்ஸ் சும்மா பிச்சு உதறும். எஸ்ஸன் ஊரு கிரியேட்டர் உங்களுக்கு முதல்ல வெறும் இரைச்சலா தெரியலாம், பரவால்ல, 'பிளெஷர் டு கில்'லைப் பாதி வால்யூம்ல வச்சுப் பழகுங்க.

இத்தனைலயும் ஒண்ணே ஒண்ணு தான் கேக்க நேரம் இருக்குன்னா பிளைண்ட் கார்டியன்ங்கிற ஜெர்மன் பேண்டைக் கேளுங்க. 1992ல வந்த 'சம்வேர் ஃபார் பியாண்ட்'ல 'தி பார்ட்ஸ் சாங்'னு ஒரு பாட்டு, வெறும் அக்கூஸ்டிக் கிட்டார் தான், மேடைல இருக்கிற பாடகர் பாதிக்கு மேல வாயை மூடிக்குவார், கூட்டம் தான் முழுசாப் பாடும். அந்த வரிகளை மனப்பாடம் பண்ணிட்டுப் போங்க. நிஜமாவே சொல்றேன், பாஸ்போர்ட்டுக்கு அடுத்து அது தான்.

ஸ்டுடியோ ஆல்பம் பழகினதும் லைவ் ஆல்பத்துக்கு வாங்க, ஏன்னா மைதானத்துல பாட்டு வேற வேகத்துல ஓடும். டீப் பர்ப்பிளோட 'மேட் இன் ஜப்பான்' 1972ல ஒசாகாவுலயும் டோக்கியோவுலயும் பதிவானது, அப்புறமா ஒட்டு வேலை ஏறக்குறைய எதுவும் பண்ணாம அப்படியே விட்டாங்க. மோட்டர்ஹெட்டோட 1981 லைவ் ஆல்பத்தைக் கட்டாயம் கேளுங்க, பேர்ல ஹாமர்ஸ்மித்னு இருக்கும் ஆனா ஒரு பாட்டு கூட அங்க பதிவு பண்ணது கிடையாது, பேண்டோட பாடகர் லெம்மிக்கு அதைப் பத்தியெல்லாம் என்ன கவலை. அவரோட சாம்பல்ல ஒரு பங்கு இப்போ வாக்கன்ல தான் இருக்கு, 2023ல கொண்டு வந்து வச்சாங்க. லைவ் கேக்கும்போது ஸ்டுடியோ ஆல்பத்துல எந்த இடம் மாறுது, ட்ரம்மர் எங்க அவசரப்படுறார், பாடகர் எங்க கூட்டத்துக்கு விட்டுக் குடுக்குறார்னு கவனிங்க, அங்க போனதும் எந்த இடத்துல கத்தணும்னு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்காது.

டிக்கெட் விஷயம் சுருக்கமா. ஒரு வருஷ விழா முடிஞ்ச கையோட அடுத்த வருஷ டிக்கெட் விடுவாங்க, 2023க்கும் 2024க்கும் சில மணி நேரத்துலயே காலியாயிருச்சு. அதிகாரப்பூர்வ தளத்துல மட்டும் வாங்குங்க. ஜெர்மனிக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பம் போடலாம், 30,000 யூரோவுக்குக் குறையாம மருத்துவ இன்ஷூரன்ஸ் வேணும். ஹாம்பர்க்ல இருந்து ரயில்ல இட்ஸெஹோ, அங்கிருந்து ஷட்டில் பஸ்.

இப்போ பூட்ஸ். ஆகஸ்ட் மாசம் வெயில் காலம்தானேன்னு கேன்வாஸ் ஷூவோட போயிடாதீங்க. அது மாட்டுப் புல் விளையிற நிலம், ரெண்டு நாள் மழை அடிச்சா உழுத வயல் மாதிரி ஆயிரும். 2023ல சேறு தாங்க முடியாம பாதியில ஆள் விடுறதையே நிறுத்திட்டாங்க, டிக்கெட் கையில வச்சிருந்த எத்தனையோ பேர் வழியிலயே திரும்பினாங்க. முழங்கால் வரைக்கும் வர்ற ரப்பர் கம்பூட்ஸ், அதுக்குள்ள போட தடிமனான சாக்ஸ் நாலஞ்சு ஜோடி, ரெயின்கோட் எடுத்துக்கோங்க, குடை உள்ள விட மாட்டாங்க. ராத்திரி குளிரும், ஒரு ஸ்வெட்டர் வேணும். டென்ட்டுக்கு அடியில விரிக்க ஒரு தார்பாய்.

இயர்பிளக் போடுறவன் மெட்டல் ரசிகனே இல்லன்னு யாராச்சும் சொன்னா சிரிச்சிட்டு நகருங்க. 100 டெசிபல்ல காதுக்குப் பாதுகாப்பான நேரம்னு அமெரிக்க தொழில் சுகாதார அமைப்பு சொல்றது 15 நிமிஷம், நீங்க அங்க நாள் முழுக்க நிக்கப் போறீங்க. பஞ்சு மாதிரி இருக்கிறது வேணாம், அது மேல் சுரத்தை மட்டும் வெட்டி எல்லாத்தையும் மொத்தையாக்கிடும், இசைக்காரங்க போடுற ஃபில்டர் வச்ச வகை வாங்குங்க.

மெயின் மேடை பக்கத்துப் பக்கத்துல ரெண்டு, ஒண்ணுல வாசிக்கும்போது இன்னொண்ணுல சாமான் ஏத்துவாங்க, அதனால ஒரே இடத்துல நின்னா இடைவெளியே இல்லாம பாக்கலாம். ஆனா அப்படிப் பாக்காதீங்க. ராத்திரி ஹெட்லைனரை, அதாவது அன்னிக்கு வர்ற பெரிய பேண்டை, பின்னாடி நின்னு பாக்குறது பெரிய டிவி பாக்குற மாதிரி தான், முன்னாடி போகணும்னா மூணு மணி நேரம் பாத்ரூம் போகாம நிக்கணும். மத்தியானம் ரெண்டு மணிக்குக் கூடாரத்துக்குள்ள, பேரே தெரியாத பேண்ட், அரை மணி நேர செட், அங்க போங்க. உலகம் முழுக்கப் போட்டி வச்சு ஜெயிச்சு வர்ற மெட்டல் பேட்டில் பேண்டுங்க அங்க தான் உயிரைக் குடுத்து வாசிப்பாங்க. 2019ல நம்ம டெல்லி ப்ளடிவுட் வாக்கன்ல ஏறினப்போ அவங்களும் பேர் பெருசா தெரியாத பேண்ட் தான். அப்புறம், ஊர் தீயணைப்புப் படையோட பேண்டு வாத்தியக் குழு வாசிக்கிறதைத் தவற விடாதீங்க, டியூபா ஊதுற பெரியவங்களுக்கு முன்னாடி 20 வயசுப் பசங்க பிட் (மோதி மோதி ஆடுற வட்டம்) போட்டு சுத்துறதை வேற எங்க பாப்பீங்க.

பிட்டுக்குள்ள எறங்கினா கண்ணாடியைக் கழட்டி ஜிப் வச்ச பாக்கெட்ல போடுங்க, யாராச்சும் விழுந்தா உடனே தூக்குங்க, உங்களையும் அப்படித்தான் தூக்குவாங்க. கையை மடக்கி நெஞ்சுக்கு முன்னாடி வச்சுக்கோங்க. பிட் வேணாம்னா ஓரமா நில்லுங்க, யாரும் இழுக்க மாட்டாங்க. ஃபோன்ல ஒரு பாட்டு எடுங்க போதும், அதுக்கு மேல எடுத்தா பின்னாடி நிக்கிறவன் உங்க ஸ்க்ரீனைத் தான் பாத்துட்டு நிப்பான்.

சனிக்கிழமை ராத்திரி முடியும், ஞாயிறு காலைல அத்தனை பேரும் ஒரே சின்னக் கிராமத்து ரோட்டுல வெளிய வரணும், சேறா இருந்தா டிராக்டர் வந்து வண்டியை இழுக்கிற வரைக்கும் காத்திருக்கணும். அதனால ரிட்டர்ன் ஃபிளைட்டை ஞாயித்துக்கிழமை போடவே போடாதீங்க, திங்கள் சாயந்தரம் போடுங்க, ஞாயிறு ராத்திரி ஹாம்பர்க்ல சுடுதண்ணி வர்ற ரூம் ஒண்ணு முன்கூட்டியே புக் பண்ணி வைங்க.