மூலையில் வாய் திறந்த பீடிங்

கொழும்பு வெள்ளவத்தையில் கடலை அண்டிய வீடு. கதவு நிலையைச் சுற்றி அடித்த மரப்பட்டிதான் பீடிங். மேல் மூலைகளில் இரண்டு துண்டுகளும் சரிவாக வெட்டிப் பொருத்தப்பட்டிருக்கும். அந்த மூலைகள் உள்பக்கமாகத் திறந்துகொண்டன. வந்த தச்சு பாஸ் புட்டியை அடைத்துப் பெயின்ற் பூசினார். கொஞ்ச நாளில் அது உதிர்ந்தது.

மரம் நீளத்தில் அவ்வளவாக அசையாது, அகலத்தில்தான் சுருங்கும், ஊதும். சுருங்கினால் மூலையின் உள்முனை திறக்கும், ஊதினால் வெளிமுனை. எங்களுடையது சரியாகக் காயாத பலகை. புதிதாக வாங்கியதை முதலில் வீட்டுக்குள்ளேயே சில வாரம் வைத்தேன்.

அப்புறம், பழைய சுவரில் மூலை 90 பாகை இருக்கும் என்று நம்பவே கூடாது. அட்டையில் குறித்துப் பார்த்தால் 91. ஆக, அதைப் பாதியாக்கினால் ஒவ்வொரு துண்டின் முனையும் 45.5. ஆனால் வாளின் அளவுகோல் நேர்வெட்டைப் பூச்சியமாக வைத்து எண்ணுவதால், 90இலிருந்து கழித்து அதில் 44.5 என்று வைக்க வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

சுவரில் பூசிய சாந்து நிலையைவிட முன்னே தள்ளி நின்றதால் பீடிங் சாய்ந்து, முன்முகம் பொருந்தவில்லை. வெட்டுமுகத்தின் பின்பக்கத்தை உளியால் மெல்லச் செதுக்கினேன், கச்சிதமாக மூடிக்கொண்டது. வெட்டுமுகம் பசையை உறிஞ்சிவிடும். மெல்லிய பூச்சொன்று கொடுத்து, அது இழுத்த பிறகு மறுபடி பூச வேண்டும். கடைசியில் துளை போட்டு, மேல் துண்டின் வழியாகப் பக்கத்துண்டுக்குள் ஆணி இறக்கினேன். கடற்காற்றில் இரும்பாணி துருவேறிப் பெயின்றிலும் கறை காட்டும், துருப்பிடிக்காத ஆணிக்குக் கூடுதலாகக் காசு கொடுக்கலாம்.