பாமினித் தலைப்பை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்
திருகோணமலைக் கல்லூரிகள் சேர்ந்து பாடக்குறிப்புகளுக்குப் பொதுப் பட்டியல் போடும்போது, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய தலைப்பை, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு உள்ள யூனிகோடுக்கு மாற்றிவிட்டே கூகிள் ஷீட்டில் ஒட்டுங்கள். பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும்தான். தேடல் அந்த எழுத்துகளைத்தான் பார்க்கும். அதனால் கோணேசபுரி வளாகத்தில் ஒருவர் ‘ஒளியியல்’ என்று தேடினால், நகரத்துக் கல்லூரி ஏற்றிவைத்த குறிப்பு அகப்படாது. அவர் உட்கார்ந்து அதையே புதிதாகத் தட்டுவார். எத்தனை மணித்தியாலம் வீண்!

முழுக் கோப்பையும் மாற்றத் தேவையில்லை. தலைப்பு, பாடம், அலகு, ஆண்டு ஆகிய நான்கு கலங்கள் போதும். இணைய மாற்றியில் தமிழ்ப் பகுதியை மட்டும் போடுங்கள். இடையில் ஆங்கிலச் சொல்லோ சூத்திரமோ இருந்தால், அதையும் பாமினி என்று எண்ணி அர்த்தமில்லாத தமிழாக்கிவிடும்.

ஸ்கேன் செய்த பிடிஎஃபுக்கு இது சரிவராது. அதில் இருப்பது படம், எழுத்தல்ல. தலைப்பைக் கையால் தட்டுங்கள். லதா எழுத்துருவில் உள்ளவை ஏற்கெனவே யூனிகோட், அப்படியே ஒட்டலாம்.