கொசுவோட குடல் பாக்டீரியா மலேரியா ஒட்டுண்ணிய தடுக்குதா வளக்குதா, செஞ்சு பாக்குறது எப்படி

கொசுவுக்கு ஆன்டிபயாடிக் குடுத்தோம், குடல்ல ஊசிஸ்ட் (ஒட்டுண்ணி குடல் சுவர்ல உண்டாக்குற சின்ன கட்டி) எண்ணிக்கை கூடிடுச்சு, அப்போ பாக்டீரியாதான் மலேரியா ஒட்டுண்ணிய தடுத்துட்டு இருந்துச்சுன்னு எழுதிடலாமான்னு ப்ராஜெக்ட் பண்றவங்க நிறைய பேர் கேக்குறாங்க. எழுத முடியாதுங்க. அது பாதி வேலைதான். அழிச்ச பாக்டீரியாவ ஒண்ணொண்ணா திருப்பி உள்ள வெச்சு, ஊசிஸ்ட் மறுபடி குறையுதான்னு பாக்குறதுதான் மீதி பாதி, அத பண்ணாம விட்டா மார்க் போடுறவரே மொத கேள்வியா அதத்தான் கேப்பார்.

முதல்ல டைமிங் புரிஞ்சுக்கோங்க, ஏன்னா இதுல பாதி குழப்பம் டைமிங்ல தான் வருது. அனாஃபிலிஸ் பொண்ணு கொசு ரத்தம் குடிச்சதும் அதுல இருக்குற ஆண் கேமிட்டோசைட் (ஒட்டுண்ணியோட இனப்பெருக்க நிலை) 15–20 நிமிஷத்துல வெடிச்சு கேமிட்ட வெளிய விடும், கருவாகி ஊகினீட்டா (நகந்து போற நிலை) மாறி, சுமார் 18–24 மணி நேரத்துல குடல் சுவர துளைக்க ஆரம்பிக்கும். பாக்டீரியாவும் சும்மா இருக்காது, ரத்தம் உள்ள வந்ததும் நூறு மடங்கு ஆயிரம் மடங்குன்னு பெருகி கிட்டத்தட்ட அதே 24 மணி நேரத்துல தான் உச்சத்துக்கு போகும். அதனால குடல எப்போ எடுத்தீங்கன்னு மணிக்கணக்குல எழுதி வைங்க. சர்க்கரத் தண்ணி மட்டும் குடிச்ச கொசுவ ரத்தம் குடிச்ச கொசுவோட கம்பேர் பண்ணிட்டு "பாக்டீரியா ஏறிடுச்சு"ன்னு சொன்னா அதுல விஷயமே இல்ல.

இப்போ குடல வெளிய எடுக்குற வேலை. கொசுவ ஐஸ் மேல வெச்சு மயக்கிட்டு, 70 சதவீத எத்தனால்ல ஒரு நிமிஷம் முக்கி, அப்புறம் ஸ்டெரைல் பிபிஎஸ்ல (உப்புக் கரைசல்) ரெண்டு மூணு தடவ அலசுங்க. கடைசியா அலசுன பிபிஎஸ்ஸ கொட்டிடாதீங்க, அதுல கொஞ்சம் எடுத்து ஒரு ப்ளேட்ல போட்டு வைங்க, அதுல காலனி வந்துச்சுன்னா உங்க "குடல் பாக்டீரியா" உண்மையில கொசுவோட தோல் மேல இருந்ததா கூட இருக்கலாம். ஸ்லைடுல புது பிபிஎஸ் ஒரு சொட்டு விட்டு கொசுவ பக்கவாட்டுல படுக்க வெச்சு, ஒரு ஊசியால மார்புப் பகுதிய அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையில ஃபோர்செப்ஸ் வெச்சு வயித்தோட கடைசி ரெண்டு வளையத்த பிடிச்சு மெதுவா, ரொம்ப மெதுவா இழுங்க. கூடவே வெள்ளையா சினைப்பையும் வரும், அத ஒதுக்கிடுங்க. நூல் நூலா அஞ்சு மால்பிஜியன் குழாய் ஒரே இடத்துல ஒட்டிட்டு இருக்கும் பாருங்க, அதுக்கு முன்னாடி இருக்குறது மிட்கட் (நடுக்குடல்), பின்னாடி இருக்குறது பின்குடல், அந்த எடத்துல வெட்டுங்க. வெடுக்குன்னு இழுத்தா குடல் அறுந்து பாதி உள்ளயே நின்னுடும். ரத்தம் குடிச்சு ஒரு நாள் கூட ஆகாத கொசுன்னா குடல் பலூனா உப்பி இருக்கும், தொட்டாலே கிழியும், அதுக்கு பழகுன கை தான் வேணும், அதனால சர்க்கரத் தண்ணி கொசுல கைய பழக்கிட்டு வாங்க.

எடுத்த குடல கொஞ்சம் பிபிஎஸ்ல அரைச்சு, பத்து பத்து மடங்கா டைல்யூட் பண்ணி எல்பி அகார்ல (பாக்டீரியா வளக்குற ஜெல்) பூசி 27–30 டிகிரில ரெண்டு நாள் விடுங்க. கலர பாத்து பேர் வெக்காதீங்க, சிவப்பா இருந்தா செராஷியான்னு அடிச்சு விடுறவங்க இருக்காங்க, நிறமே இல்லாத செராஷியாவும் உண்டு, சிவப்பா வேற பாக்டீரியாவும் உண்டு. காலனிய எடுத்து, எந்த பாக்டீரியான்னு அடையாளம் காட்டுற 16எஸ் ஜீன சீக்வென்ஸ் பண்ணுங்க. ப்ளேட்ல வளராத பாக்டீரியா நிறைய இருக்குறதால முழு குடலையும் 16எஸ் பண்ண நினைப்பீங்க, நல்லது தான், ஆனா ஒரு கொசு குடல்ல டிஎன்ஏ ரொம்ப கம்மி, எக்ஸ்ட்ராக்ஷன் கிட்லயே இருக்குற பாக்டீரியா டிஎன்ஏ உங்க ரிசல்ட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கும். கொசுவே இல்லாத வெறும் ட்யூப் ஒண்ண ஆரம்பத்துலேந்து கடைசி வரைக்கும் கூடவே ஓட்டுங்க.

அடுத்து ஆன்டிபயாடிக். பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் மூணையும் 10 சதவீத சர்க்கரத் தண்ணில கலந்து, கூட்டுப்புழுவிலேந்து வெளிய வந்த அன்னிக்கே குடுக்க ஆரம்பிங்க. டெட்ராசைக்ளின், டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைசின் பக்கம் போகாதீங்க, ஏன்னா மலேரியா ஒட்டுண்ணிக்குள்ள அபிக்கோபிளாஸ்ட்னு ஒரு உறுப்பு இருக்கு, இந்த மருந்துங்க அதையே நேரா அடிக்கும், அப்புறம் ஊசிஸ்ட் குறைஞ்சது பாக்டீரியா போனதாலயா மருந்தாலயான்னு பிரிக்கவே முடியாது. ஃபால்சிபேரம் (மனுஷனுக்கு வர்ற மலேரியா ஒட்டுண்ணி) கல்ச்சர் மீடியத்துல ஜென்டாமைசின் வழக்கமா போடுவாங்க, அது ரத்தத்தோட சேந்து கொசுவுக்குள்ள போனா கன்ட்ரோல் குரூப்போட பாக்டீரியாவும் அடி வாங்கும், அதனால குடுக்குறதுக்கு முன்னாடி ஒட்டுண்ணி இருக்குற ரத்த செல்ல கழுவிடுங்க. நாலஞ்சு கொசுவ எடுத்து ப்ளேட் போட்டு, நெஜமாவே பாக்டீரியா போயிடுச்சான்னு பாத்துட்டு தான் அடுத்த ஸ்டெப்.

திருப்பி வெக்கிறதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக்க நிறுத்தி ஒரு நாளாவது ஸ்டெரைல் சர்க்கரத் தண்ணி மட்டும் குடுங்க. அப்புறம் நீங்க பிரிச்சு எடுத்த பாக்டீரியாவ சர்க்கரத் தண்ணில கலந்து குடுத்து, குடல்ல உக்காந்துச்சான்னு மறுபடி ப்ளேட்ல பாருங்க. குரூப் இப்படி வரணும்: எதுவுமே தொடாத கொசு, ஆன்டிபயாடிக் கொசு, ஆன்டிபயாடிக் கூட உயிருள்ள பாக்டீரியா, ஆன்டிபயாடிக் கூட சூடாக்கி கொன்ன பாக்டீரியா. எல்லாத்துக்கும் ஒரே ரத்தம், ஒரே நாள், ஒரே கூண்டுல வளந்த கொசு.

ஒட்டுண்ணி குடுக்குற வேலைய பூட்டுன இன்செக்டரில (பூச்சி வளக்குற அறை) பழகுனவங்களோட தான் பண்ணணும், ஃபால்சிபேரம்னா கேக்கவே வேணாம், தப்பிச்ச ஒரு கொசு போதும் பிரச்சனைக்கு. புதுசா வர்றவங்களுக்கு எலி மலேரியா பெர்கை நல்லது, மனுஷனுக்கு வராது, எலிக்கு எதிக்ஸ் அனுமதி மட்டும் முன்னாடியே வாங்கிடுங்க. பெர்கைனா ரத்தம் குடிச்ச கொசுவ 19–21 டிகிரில வைங்க, வழக்கமான 27 டிகிரில விட்டா ஊகினீட்டே சரியா வராது, எல்லா குரூப்லயும் ஜீரோ பாத்துட்டு பாக்டீரியாவ குத்தம் சொல்லிட்டு இருப்பீங்க. ஃபால்சிபேரம்னா ஏழு எட்டு நாள்ல குடல எடுத்து மெர்குரோகுரோம் சாயம் போட்டு எண்ணலாம். எண்ணிக்கையோட சராசரிய மட்டும் போடாதீங்க, பாதி கொசுல ஒண்ணும் இருக்காது, ஒரு கொசுல நூத்துக்கு மேல இருக்கும், அதனால மீடியனும் எத்தன சதவீத கொசுல ஊசிஸ்ட் இருந்துச்சுங்கறதும் தனித்தனியா வேணும்.

குறைஞ்சது உறுதின்னா எப்படி குறைஞ்சுதுன்னு தோண்டலாம். 2011ல ஸாம்பியாவுல காட்டு அனாஃபிலிஸ் கொசுவிலேந்து எடுத்த ஒரு என்டரோபாக்டர் பாக்டீரியா, ஆக்ஸிஜன் ரேடிக்கல்ஸ விட்டு ஒட்டுண்ணிய குடல் சுவர தொடுறதுக்கு முன்னாடியே கெடுக்குதுன்னு காட்டுனாங்க, வைட்டமின் சி சேத்ததும் அந்த தடுப்பு குறைஞ்சுது, அவ்வளவு சிம்பிளான டெஸ்ட். 2023ல வந்த டெல்ஃப்டியா சுருஹாடென்சிஸ்ங்கற பாக்டீரியா கதை வேற, அது ஹார்மேன்னு ஒரு சின்ன மூலக்கூற விட்டு தடுக்குது. அதனால உயிருள்ள பாக்டீரியா மட்டும் இல்லாம, அது வளந்த தண்ணிய வடிகட்டி தனியா குடுத்தும் பாருங்க.

கொசுல வந்த முடிவ தூக்கி மத்த பூச்சிக்கு போட்டுடாதீங்க, இது ரொம்ப பேர் பண்றது. மணல் ஈல ஆன்டிபயாடிக் குடுத்து பாக்டீரியாவ அழிச்சா லீஷ்மேனியாங்கற ஒட்டுண்ணி கூடல, சரியா வளரவே மாட்டேங்குது, அதாவது அங்க ஒட்டுண்ணிக்கு பாக்டீரியா தேவ. ட்செட்சி ஈல (ஆப்பிரிக்காவுல தூக்க வியாதிய பரப்புற ஈ) இன்னும் சிக்கல், விக்கிள்ஸ்வொர்த்தியாங்கற பாக்டீரியா அதுக்கு பி வைட்டமின் செஞ்சு குடுக்குது, அது போச்சுன்னா ஈ குட்டி போடுறதே நின்னுடும், அதனால அங்க ஆன்டிபயாடிக் பண்றவங்க ரத்தத்துல ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் சேக்கணும். இன்னொண்ணு, குட்டி தாய்க்குள்ள இருக்கும்போதே விக்கிள்ஸ்வொர்த்தியா இல்லாம வளந்துச்சுன்னா அதோட இம்யூனிட்டியே ஒழுங்கா அமையாது, வளந்த ஈக்கு மருந்து குடுத்து வர்ற ரிசல்ட்டும் இப்படி பொறந்த ஈல வர்ற ரிசல்ட்டும் ஒண்ணா இருக்காது, ரெண்டையும் ஒரே டேபிள்ல போடாதீங்க.